நன்றியுரையில் நிற்பவர்கள்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் ஏறும் பஸ்ஸில் ஒரு காலத்தில் நாங்கள் இருவர் சேர்ந்து போவோம். ஒருத்தி நான், கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். இன்னொருத்தி வானியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த தோழி. அவள் கவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தில் இறங்கிவிடுவாள். தொலைநோக்கியில் அவளுக்கு ஒதுக்கிய இரவுகள் மூன்றோ நான்கோ இருக்கும். மேகம் வந்துவிட்டால் அதுவும் வீண். நான் அதே பஸ்ஸில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போவேன். அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பெண்களிடம் சாமை விதைப்பு, சந்தனமரக் காடு, வட்டிக்கடன், பிள்ளைப்பேறு என்று அவர்கள் சொல்வதையெல்லாம் டேப்பில் பதிவு செய்வது என் வேலை. அவள் இரவில் விழித்திருப்பாள், நான் பகலில் நடப்பேன். திரும்பும்போது இருவருக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றும்.

பல ஆண்டுகள் கழித்து, ஏறக்குறைய ஒரே சமயத்தில், இருவருமே பதவி உயர்வுக்கான படிவத்தை நிரப்ப வேண்டி வந்தது. அவள் படிவத்தில் 61 ஆய்வுக் கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 24. என் படிவத்தில் தமிழில் 2 நூல்கள், 16 கட்டுரைகள், ஆங்கிலத்தில் ஒரே ஒரு கட்டுரை. எச்-இன்டெக்ஸ் 1.

நேர்காணலில் ஒருவர் என் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "தமிழ்ல எழுதினா யாரு மேடம் சைட் பண்ணப் போறாங்க?" அவர் குரலில் கேலி இல்லை, உண்மையான அக்கறைதான் இருந்தது. அதனால்தான் இன்னும் வலித்தது. அந்த முறை எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

வரலாறு படித்தவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தன்னை அடித்த கம்பு எந்த மரத்தில் வெட்டியது என்று பார்க்கத் தோன்றும். அந்த '1' என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடல்தான். அதன் முடிவில் நான் நினைத்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

முதல் பெயருக்கு மட்டும்

ஓர் ஆய்வாளர் இன்னொருவரின் கட்டுரையைத் தன் அடிக்குறிப்பில் சுட்டுவதைத்தான் சைட்டேஷன், அதாவது மேற்கோள், என்கிறோம். இப்படிச் சுட்டியதையெல்லாம் திரட்டி அட்டவணையாக்கலாம் என்று 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியவர் அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு. அமெரிக்க வழக்கறிஞர்கள் வைத்திருந்த 'ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ்' என்ற தொகுப்புதான் அவருக்கு முன்மாதிரி. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை தள்ளின என்று அதில் பார்க்கலாம். அதேபோல் ஓர் அறிவியல் கருத்து யார் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பின்தொடர ஒரு வழி வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1960இல் பிலடெல்ஃபியாவில் ஒரு நிறுவனம் தொடங்கி, அந்தப் பத்தாண்டின் முற்பகுதியிலேயே 'சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்' தொகுதிகளை அச்சிட்டார். சமூக அறிவியலுக்கான அட்டவணை 1970களின் தொடக்கத்திலும், கலை, மானுடவியல் துறைகளுக்கானது 1978இலும் வந்தன. வரிசையைக் கவனியுங்கள். அளவுகோல் அறிவியலுக்காகச் செய்யப்பட்டது. மற்றவர்கள் பிறகுதான் அதற்குள் வந்தார்கள்.

ஆக, முதலில் இது நூலகத்தில் தேடுவதற்கான கருவி, ஆளை எடைபோடும் தராசு அல்ல. ஒரு துறையின் எண்ணிக்கையை இன்னொரு துறையின் எண்ணிக்கையோடு நேராக ஒப்பிடக் கூடாது என்று கார்ஃபீல்டே எச்சரித்திருக்கிறார். ஆனால் எண் என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் அதை வைத்து ஆட்களை வரிசைப்படுத்தாமல் நிர்வாகங்களால் இருக்க முடிவதில்லை.

அந்த அச்சுத் தொகுதிகளில் ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது. மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, அதன் முதல் ஆசிரியர் பெயரின் கீழ் மட்டுமே வரிசைப்படுத்தப்பட்டது. இடத்தைச் சிக்கனம் செய்யும் ஏற்பாடுதான், யாருக்கும் தீய நோக்கம் இல்லை. ஆனால் ஓர் உதாரணத்தை வைத்துப் பாருங்கள். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், நீள நீளமான வரைபடத் தாள்களைக் கண்ணால் அலசி, விட்டுவிட்டுத் துடிக்கும் ஒரு சமிக்ஞையைக் கண்டுபிடித்தார். பின்னாளில் பல்சர் என்று பெயர் பெற்றது அதுதான். 1968 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஐந்து பேர் பெயரில் கட்டுரை வந்தது. முதல் பெயர் அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹ்யூவிஷ், இரண்டாவது பெல். 1974இல் ஹ்யூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கட்டுரைக்கு வந்த மேற்கோள்களை அச்சுத் தொகுதியில் தேடுகிறவர் ஹ்யூவிஷ் பெயரில்தான் தேட வேண்டும். பெல் பெயரில் தேடினால் அது அங்கே இருக்காது.

வானியலில் இது புதிதும் அல்ல. ஹார்வர்டு வானாய்வகத்தில் கண்ணாடித் தகடுகளில் நட்சத்திரங்களை எண்ணி அளக்கும் வேலைக்குப் பெண்களை வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பெயரே 'கணக்கிடுபவர்கள்' என்பதுதான். அவர்களில் ஒருவரான ஹென்ரியெட்டா லெவிட் 1912இல், சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள 25 மாறொளி விண்மீன்களை வைத்து, ஒளி மாறும் கால அளவுக்கும் விண்மீனின் உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள உறவைக் காட்டினார். பால்வீதிக்கு அப்பால் இருப்பவற்றின் தூரத்தை அளக்க மனிதருக்குக் கிடைத்த முழக்கோல் அது. ஆந்திரமேடா தனியொரு விண்மீன் மண்டலம் என்று எட்வின் ஹபிள் 1920களில் நிறுவியது அதைக்கொண்டுதான். லெவிட்டின் கண்டுபிடிப்பு வெளிவந்த சுற்றறிக்கையின் அடியில் இருப்பது இயக்குநர் எட்வர்டு பிக்கரிங்கின் கையெழுத்து. இதைத் தயாரித்தவர் மிஸ் லெவிட் என்ற தகவல் அதன் முதல் வாக்கியத்தில் வருகிறது.

பெயரை விழுங்கிய கட்டுரை

அறிவியலில் புகழ் எப்படிச் சேருகிறது என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். ஏற்கெனவே பெயர் உள்ளவனுக்கே மேலும் பெயர் சேரும் என்பதை அவர் 'மத்தேயு விளைவு' என்று அழைத்தார். உள்ளவனுக்குக் கொடுக்கப்படும் என்ற பைபிள் கருத்திலிருந்து எடுத்த பெயர். 1968இல் வந்த அந்தக் கட்டுரை உலகெங்கும் ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் ஆசிரியர் ஒருவர்தான்: மெர்ட்டன்.

கட்டுரைக்கு உயிர் கொடுத்தவை நோபல் பரிசு பெற்றவர்களிடம் எடுத்த நேர்காணல்கள். அவற்றை எடுத்தவர் ஹாரியட் சக்கர்மன். கொலம்பியாவில் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக எடுத்தார். 1973இல் தன் கட்டுரைகளைத் தொகுத்தபோது மெர்ட்டன் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். சக்கர்மனின் நேர்காணல்களிலிருந்து அவ்வளவு எடுத்தாண்டதால் அந்தக் கட்டுரை இருவர் பெயரில் வந்திருக்க வேண்டும், இது தனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது என்பது அதன் சாரம். நேர்மையான ஒப்புதல்தான். ஆனால் கட்டுரை 1968இலேயே ஒரு பெயரோடு உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது. அடிக்குறிப்பால் அதை ஓடிப் பிடிக்க முடியவில்லை. பெயர் பெரியவரிடமே போய்ச் சேரும் என்று சொன்ன கட்டுரை, தானே அதற்குச் சான்றாகிவிட்டது.

1993இல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர் இதற்கு இன்னொரு பெயர் வைத்தார்: 'மட்டில்டா விளைவு'. பெண்களின் கண்டுபிடிப்பு ஆண்களின் கணக்கில் எழுதப்படுவதைக் குறிக்கும் சொல் அது. 19ஆம் நூற்றாண்டிலேயே, கண்டுபிடிப்பாளர்களாகப் பெண்கள் மறைக்கப்படுவதைப் பற்றி எழுதிய அமெரிக்கப் பெண்ணுரிமையாளர் மட்டில்டா ஜாஸ்லின் கேஜின் நினைவாக வைத்தது.

பழைய கதை என்று யாராவது சொல்லலாம். 2017இல் 'நேச்சர் அஸ்ட்ரானமி'யில் வந்த ஆய்வைப் பார்ப்போம். 1950 முதல் 2015 வரை ஐந்து இதழ்களில் வெளியான 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வானியல் கட்டுரைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆண்டு, இதழ், ஆசிரியர் எண்ணிக்கை முதலிய பிற அம்சங்களைக் கழித்துவிட்டு ஒப்பிட்டபோதும், பெண் முதல் ஆசிரியராக உள்ள கட்டுரைகளுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் குறைவாகவே மேற்கோள் கிடைத்திருந்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, ஜேஸ்டோர் களஞ்சியத்தின் 15 லட்சம் கட்டுரைகளில், பெண்களைவிட ஆண்கள் 56 சதவீதம் அதிகமாகத் தங்களைத் தாங்களே மேற்கோள் காட்டிக்கொள்வதைக் கண்டது. தன்னைத் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது என்று நம்மை வளர்த்ததன் விலையும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

61க்கும் 1க்கும் நடுவே

எச்-இன்டெக்ஸ் 2005இல் வந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 24 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 24 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் 24. எத்தனை எழுதினார், எவ்வளவு கவனிக்கப்பட்டார் என்ற இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கியதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் அது ஏற மட்டுமே செய்யும், இறங்காது. ஆகவே இடையில் நிற்காமல் ஓடியவருக்கே அது சாதகம். பிள்ளை பெற்று மூன்று வருஷம் எழுதாமல் இருந்தவளுக்கும், மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவளுக்கும் அந்த வருஷங்கள் வெறும் பள்ளம். பள்ளம் ஏன் வந்தது என்று எண் சொல்லாது.

துறைக்குத் துறை உள்ள வேறுபாட்டை என் தோழிதான் எனக்கு விளக்கினாள். வானியலாளர் ஒரு தரவை ஐந்தாறு பேரோடு சேர்ந்து எழுதுவார். இயற்பியலில் அது இன்னும் பெரிது: 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களே. வானியல் கட்டுரை அச்சாகும் முன்பே இணையக் களஞ்சியத்தில் எல்லாருக்கும் கிடைத்துவிடும். ஒவ்வொன்றையும் யார் சுட்டினார்கள் என்று நாசா ஆதரவில் இயங்கும் தரவுத்தளம் காட்டும். எங்கள் துறையில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து ஆறேழு வருஷத்தில் ஒரு புத்தகம் எழுதுவாள். அது பேசப்படவே பத்து வருஷம் ஆகும். அதைச் சுட்டுவதும் இன்னொரு தமிழ்ப் புத்தகமாக இருக்கும். இரண்டும் எந்த அட்டவணையிலும் இருக்காது.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. ஒரு கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோளை, அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளின் சராசரியால் வகுப்பது. ஒரு துறையில் சராசரி 20, இன்னொன்றில் 2 என்று வைத்துக்கொள்வோம். அங்கே 20 பெற்றதும் இங்கே 2 பெற்றதும் சமம்; இரண்டுக்குமே மதிப்பு 1. நியாயமான வழிதான். ஆனால் வகுக்க வேண்டுமானால் முதலில் எண்ணியிருக்க வேண்டும். தமிழில் எழுதிய வரலாற்றை எந்த அட்டவணையும் எண்ணாதபோது எதை எதனால் வகுப்பது? ஆய்வு மதிப்பீட்டு வல்லுநர்கள் 2015இல் வெளியிட்ட லைடன் அறிக்கை, துறை வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதோடு, உள்ளூர் மக்களுக்கு முக்கியமான, உள்ளூர் மொழியில் நடக்கும் ஆய்வைப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொன்னது. அதைப் படித்தபோது யாரோ என் படிவத்தைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது.

நம் நாட்டில் இந்த எண் கல்லூரி வாசலுக்குள் வந்தது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிமுறைகளோடு. சர்வதேசப் பதிப்பகம் போட்ட பாடத்துறை நூலுக்கு 50 மதிப்பெண், தேசிய அளவிலான பதிப்பகம் என்றால் 25, மற்ற உள்ளூர்ப் பதிப்பகம் என்றால் 15. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னால் எந்த ஊரில் அச்சடித்தாய் என்ற கேள்வி நின்றது. பிறகு விதிமுறைகள் மாறின. போலி இதழ்கள் பெருகியதால், ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல் ஒன்று 2019இல் நடைமுறைக்கு வந்தது. இந்திய மொழி இதழ்களும் அதில் இடம்பெற்றன. 2025இல் அந்தப் பட்டியலும் கைவிடப்பட்டது. அளவுகோல் மாறிக்கொண்டே இருக்கிறது. அளக்கப்படுகிறவர்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

எண் கேடயமானபோது

இந்த இடத்தில் எண்ணையே தூக்கி எறிய வேண்டும் என்று முடித்துவிட்டால் எனக்கு எளிது. ஆனால் தோழி ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அந்த 24 இல்லன்னா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? 'நல்ல பொண்ணுதான், ஆனா பெரிசா ஒண்ணும் பண்ணல'ன்னு ஒருத்தர் வாயால சொன்னாப் போதும், முடிஞ்சுபோயிருக்கும். தாளை எடுத்து வெச்சேன். பேச்சு நின்னுது" என்றாள்.

அவள் சொன்னதும் எனக்கு அன்னா மணி நினைவுக்கு வந்தார். 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்தலை ஆராய்ந்து 1942க்கும் 1945க்கும் இடையில் தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பின்னால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவியியலையே கட்டியெழுப்பியவர் கடைசிவரை டாக்டர் பட்டம் இல்லாமலே இருந்தார். அன்றைக்குக் கட்டுரைகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் இருந்திருந்தால்? ஐந்து கட்டுரைகள், ஐந்திலும் அவர் பெயர் மட்டும். அந்த எண் அவருக்கு ஒரு கேடயமாக இருந்திருக்கும்.

கவலூரில் வானாய்வகம் 1960களின் இறுதியில் வைணு பாப்புவின் முயற்சியால் உருவானது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் அவர் பெயரையே தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் ஆய்வு மாணவியாக இருந்த அன்னபூரணி சுப்ரமணியம் 2019இல் அதன் இயக்குநரானார். மெகல்லன் மேகங்களைப் பற்றி, அதாவது லெவிட் தகடுகளில் எண்ணிய அதே மேகங்களைப் பற்றி, அவர் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். இந்த முறை பெயர் கட்டுரையின் தலையில் இருக்கிறது. எண்ணிக்கை பெண்களுக்கு எதிரியாக மட்டுமே இருந்திருந்தால் இதில் மகிழ ஒன்றுமில்லை. ஏட்டில் பெயர் ஏறிவிட்டவளுக்கு அது கேடயம். பெயர் ஏறாதவளுக்கு அது சுவர்.

ஏறுவது யார் பெயர் என்பதற்கு அந்த மலையிலேயே ஒரு கதை உண்டு. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, கவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளி முன்கூட்டியே ஒரு கணம் மங்கியதை ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்தார்கள். அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் பார்த்த அமெரிக்கக் குழு அதை வளையம் என்று எழுதியது. யுரேனஸ் வளையங்களின் வரலாற்றில் முதலில் வருவது அவர்கள் பெயர். கண்டால் மட்டும் போதாது. கண்டதை எந்தச் சொல்லால் எழுதினோம் என்பதும் சேர்ந்துதான் ஏட்டில் பெயராகிறது. அப்படியானால் எழுதவே தெரியாதவர்கள் கண்டது என்ன ஆகும்?

அந்த ஒன்று யாருடையது

இப்போது என் எச்-இன்டெக்ஸுக்கு வருகிறேன். 1.

நான் ஆங்கிலத்தில் எழுதிய அந்த ஒரே கட்டுரை, ஜவ்வாது மலையில் பெண்கள் சாமை விதையைத் தேர்ந்தெடுத்துப் பாதுகாக்கும் முறை பற்றியது. அதை மூன்று பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். மூவரும் சுட்டியது ஒரே பத்தியை. கதிர் நிற்கும்போதே எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது, மழை பிந்தினால் எந்த விதையை முதலில் எடுப்பது என்பது பற்றிய பத்தி. அதில் இருப்பது எல்லாம் ஓர் ஆயா எனக்குச் சொன்னது. அவர் வயலில் குனிந்து கதிரைப் பிடித்துக் காட்டிச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். மூன்று கட்டுரைகளிலும் அடைப்புக்குறிக்குள் இருப்பது என் பெயர்.

பதிவு செய்த அன்றே அவர் கேட்டிருக்கிறார். டேப்பைத் திரும்பப் போட்டுக் கேட்டபோதுதான் கவனித்தேன்.

"நீ எழுதிக்கினு போறியே டீச்சரம்மா, அதுல எம் பேரு வருமா?"

"வரும் ஆயா. கடைசியில நன்றி சொல்லுவோம்ல, அதுல வரும்."

"கடைசியிலயா? சரி."

அந்த "சரி"க்குப் பிறகு டேப்பில் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் இருக்கிறது.

மெர்ட்டனைப் பற்றி எத்தனை வகுப்புகளில் கோபமாகப் பேசியிருக்கிறேன்! சக்கர்மனுக்காவது பல்கலைக்கழகம் இருந்தது. பிறகு தன் பெயரில் நூல் எழுதினார். ஆயாவுக்கு என் நன்றியுரையைத் தவிர வேறு ஏடு இல்லை. கவலூரில் எடுத்த தரவை வைத்து எழுதும் கட்டுரைகளின் கடைசியிலும் இப்படி ஒரு நன்றி வரி இருக்கும் என்று தோழி சொல்வாள். இரவெல்லாம் விழித்துக் கருவியை ஓட்டிய ஊழியர்களுக்கு. நன்றியை எந்த அட்டவணையும் எண்ணுவதில்லை. பெண்களின் உழைப்பு காலங்காலமாக வைக்கப்பட்டிருக்கும் இடம் அதுதான்: அன்பும் மரியாதையும் நிறைந்த, கணக்கில் வராத இடம். என் வேலையை எண்ணாதவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் நானும் எண்ணாமல் விட்ட ஒருத்தியின் தோள்மேல் நின்றுதான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தமிழ் நூலின் இரண்டாம் பதிப்பு வரும் சமயத்தில் மறுபடி மலைக்குப் போனேன். விதை பற்றிய இயலை ஆயா பெயரும் என் பெயருமாகப் போடலாமா என்று கேட்டேன். ஆசிரியர் என்றால் என்ன, அதில் என்ன வரும், என்ன வராது என்பதையெல்லாம் விளக்கினேன். பணம் பெரிதாக வராது என்றதும் சிரித்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு எங்கம்மா சொல்லிக் குடுத்தது. அவ பேரையும் போடு."

அடிக்குறிப்பு என்பது என்ன என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இது யாரிடமிருந்து வந்தது என்று சொல்வதுதான். எண்ணுவதற்கு முன்பே இருந்த நாணயம் அது. கார்ஃபீல்டு தேடியதும் அதைத்தான். ஒரு கருத்து எந்தெந்தக் கை மாறி வந்தது என்பதை.

கூட்டு ஆசிரியர் என்றால் மதிப்பெண் பங்காகிவிடும். அடுத்த நேர்காணலில் அது எனக்குக் குறையும். இறந்துபோன ஒருவர் எப்படி இணையாசிரியர் ஆனார் என்றும், அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்றும் யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. படிவத்தை நிரப்பிவிட்டேன். 'ஆசிரியர்கள் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் 3 என்று எழுதியிருக்கிறேன்.